டப்பாவுக்கு முன்னால் ஒரு நோட்டு: உடம்பேற்ற நினைக்கும் வேலூர்ப் பையனுக்கு முழு வழிகாட்டி

போன சித்திரையில் அக்கா பையன் ஒரு டப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு சத்துவாச்சாரியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கறுப்பு டப்பா, தங்க எழுத்து, நரம்பு புடைத்த கைப் படம், எடை 3 கிலோ. காவலர் தேர்வுக்குத் தயாராகிறவன் அவன். ஓட்டம் பரவாயில்லை, உயரத்தில் தப்பித்தான், மார்பளவில்தான் இடித்தது. சாதாரணமாக 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். அவன் 79-ல் நின்றான்.

"மாமா, மூணு மாசத்துல பத்து கிலோ ஏறும்னு கடைக்காரர் சொன்னாரு."

"எவ்ளோடா?"

"மூவாயிரத்து இருநூறு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எந்தப் பொருளையும் முன்பக்கம் பார்த்துப் பழக்கமில்லை. டப்பாவைத் திருப்பினேன். 100 கிராம் பவுடரில் புரதம் 15 கிராம், மாவுச்சத்து 76. சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். எடையில் எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவிலிருந்து எடுப்பது. உடம்புக்குள் போனால் ஏறக்குறைய சர்க்கரை மாதிரிதான் வேலை செய்யும். ஆக 3 கிலோ டப்பாவில் புரதம் 450 கிராம். 3,200-ஐ 450-ஆல் வகுத்தால் ஒரு கிராம் புரதம் 7 ரூபாய்க்கு மேல். எங்கள் தெருக் கடையில் ஒரு முட்டை 7 ரூபாய், அதில் 6 கிராம் புரதம்.

பத்து கிலோ ஏறும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஏறும், வயிற்றில். அதைத் தூக்கிக்கொண்டு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும்.

அன்றைக்கு அவனுக்கு எழுதிக் கொடுத்ததை விரித்து எழுதியதுதான் இது. இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற மாவட்டம் இது. இங்கே மார்பளவு என்பது கண்ணாடி முன்னால் நிற்கிறவன் கவலை மட்டும் கிடையாது, வேலைக் கவலை.

டப்பா ஏன் இழுக்கிறது

முதலில் இதைப் பேசிவிட வேண்டும். அவனை முட்டாள் என்று நினைத்தால் நான்தான் முட்டாள். இருபத்திரண்டு வயதில் நானும் ஒன்று வாங்கினேன், ஊர் பேர் தெரியாத ஒரு கடையில். மூடியின் அடியில் சீல் ஏற்கெனவே பிரித்து ஒட்டினது போலச் சுருங்கியிருந்தது. பாலில் கலக்கினால் அடியில் ரவை மாதிரி தங்கும், மேலே பால் பவுடர் வாசனை. இரண்டு மாதம் குடித்தேன். அந்த இரண்டு மாதமும் ஜிம்முக்கு ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. காசு போட்டாயிற்றே! கை கொஞ்சம் ஏறியது. ஏற்றியது டப்பாதான் என்று ஒரு வருஷம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

இழுப்பு அங்கேதான் இருக்கிறது. தசை வளர்வது கண்ணுக்குத் தெரியாது. மாதம் அரைக் கிலோ, ஒரு கிலோ கூடினாலே அதிர்ஷ்டம். டப்பா கண்ணுக்குத் தெரியும், இன்றைக்கே வாங்கலாம், ஷேக்கரை ஆட்டும்போது ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும். ஜிம் மாஸ்டர் கையில் இருக்கிறது, போனில் வருகிற படத்தில் இருக்கிறது. களி தின்று உடம்பேற்றியவன் எவனும் களிக்கு விளம்பரம் செய்வதில்லை.

பவுடர் இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்களுக்கு மனோகர் ஐச்சைச் சொல்வேன். 4 அடி 11 அங்குலம் உயரம், வங்காளத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்துச் சிறைக்குள்ளேயே பயிற்சி எடுத்தவர். 1952-ல் உயரம் குறைந்தோர் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனார். டயனபால் என்கிற, தசை ஏற்றும் ஸ்டீராய்டு மாத்திரை சந்தைக்கு வந்ததே 1958-ல்தான். மனிதர் நூறு வயதைத் தாண்டி 2016-ல் காலமானார்.

படி 1: நோட்டு வாங்கு

40 பக்க நோட்டு, பேனா, தையல்காரர் வைத்திருக்கும் டேப். ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

காலையில் வெளிக்குப் போய்வந்து, எதுவும் சாப்பிடாமல் எடை பார். மார்பளவைக் காம்பு மட்டத்தில், டேப் முதுகில் இறங்காமல் எடு. மூச்சை விட்டபின் ஒரு அளவு, முழுசாய் இழுத்தபின் ஒரு அளவு. மேல்கை, தொடை, தொப்புள் மட்டத்தில் இடுப்பு. இடுப்பைத் தவறாமல் எழுது. பொய் சொல்கிறவனைக் காட்டிக்கொடுக்கும் அளவு அதுதான். எடை மூன்று கிலோ ஏறி, இடுப்பும் மூன்று அங்குலம் ஏறியிருந்தால் ஏறியது என்ன என்று டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த மூன்று நாள் வாயில் போடுவதை எல்லாம் எழுது. டீ, பிஸ்கட், கல்யாண வீட்டு பிரியாணி உட்பட. எதையும் மாற்றாதே, எழுத மட்டும் செய். என் மருமகன் நோட்டில் முதல் நாள் இப்படி இருந்தது: "காலை டீ 2, பன். மதியம் தக்காளி சாதம், சிப்ஸ். சாயங்காலம் டீ, போண்டா 3. ராத்திரி தோசை 4." கூட்டிப் பார்த்தோம். நாள் முழுக்கப் புரதம் 40 கிராமைத் தொடவில்லை. இந்தப் பையனுக்குத்தான் 3,200 ரூபாய் டப்பா விற்றிருக்கிறார்கள்.

படி 2: பாரத்தைக் கூட்டு

தசை ஏன் வளர்கிறது? நேற்றுத் தூக்கியதைவிடக் கொஞ்சம் அதிகம் தூக்கச் சொன்னால் உடம்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது. காரணம் இவ்வளவுதான். புரதம் அந்தத் திருத்தத்துக்கு வேண்டிய செங்கல். கொத்தனார் வராத வீட்டில் செங்கல் லோடு இறக்கி என்ன பயன்?

வாரம் மூன்று நாள் போதும். செவ்வாய், வியாழன், சனி என்று வைத்துக்கொள். திங்கள் செஸ்ட், செவ்வாய் பைசெப்ஸ் என்று மாஸ்டர்கள் புதுப் பையனுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். அது வருஷக்கணக்காகத் தூக்குகிறவனுக்கு ஏற்றது. புதிதாக வந்தவனுக்கு ஒரே தசையை வாரம் இரண்டு மூன்று முறை தொட்டால்தான் வேகமாகக் கற்றுக்கொள்ளும். பயிற்சி செய்த தசையில் புரதம் சேரும் வேகம் ஒன்றிரண்டு நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிடும்; அதற்கப்புறம் வாரம் முழுக்கச் சும்மா கிடப்பானேன்?

ஒவ்வொரு நாளும் ஐந்தே அசைவு. உட்கார்ந்து எழுவது, அதாவது ஸ்குவாட். படுத்துத் தள்ளுவது, பெஞ்ச் பிரஸ். குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது, ரோயிங். நின்று தலைக்கு மேல் தள்ளுவது. கம்பியில் தொங்கி ஏறுவது, புல்லப். சனிக்கிழமை மட்டும் ஸ்குவாட்டுக்குப் பதில் டெட்லிஃப்ட். ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு 6 முதல் 12 வரை. செட்டுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் உட்கார், போனைப் பார்க்காமல். பைசெப்ஸுக்கு ஆசைப்பட்டால் கடைசியில் இரண்டு செட் போட்டுக்கொள், யாரும் தடுக்கப் போவதில்லை.

ஜிம்முக்குக் காசில்லையா? தாத்தா காலத்துத் தண்டாலும் பஸ்கியும் இருக்கின்றன. 20 தண்டால் சுலபமாக வந்துவிட்டால் காலைத் திண்ணைமேல் வைத்து எடு. பிறகு முதுகில் புத்தகப் பையைக் கட்டி எடு. பஸ்கி 50 வந்துவிட்டால் ஒற்றைக் காலுக்கு மாறு. கர்லா கட்டை சுற்றத் தெரிந்த பெரியவர் யாராவது தெருவில் இருந்தால் விடாதே. தோளுக்கு அது போல ஒன்றில்லை. இழுக்கிற பயிற்சிக்குத்தான் கம்பி வேண்டும். வேப்ப மரக்கிளை தாங்கும், முதலில் ஆட்டிப் பார்த்துக்கொள்.

பாரத்தை எப்படிக் கூட்டுவது என்பதை நோட்டிலிருந்தே காட்டுகிறேன். மருமகனுடைய நான்காம் வாரம்:

செவ்வாய், ஸ்குவாட் 40 கிலோ: 8, 8, 7.
வியாழன், 40 கிலோ: 8, 8, 8.
அடுத்த செவ்வாய், 42.5 கிலோ: 8, 7, 6.

மூன்று செட்டும் எட்டு வந்தால் இரண்டு பக்கமும் ஒன்றேகால் கிலோ பிளேட் ஒவ்வொன்று ஏறும். வரவில்லை என்றால் அதே எடை மறுபடியும். ஒன்றேகால் பிளேட் ஜிம் மூலையில் தூசி படிந்து கிடக்கும். அதை எடுத்து மாட்ட வெட்கப்பட்டு நேராக ஐந்து கிலோ மாட்டுவார்கள். அப்படி மாட்டியவர்களுடைய முட்டியையும் தோளையும் பிறகு விசாரித்துப் பார்.

செட்டை எங்கே நிறுத்துவது? இன்னும் ஒன்று அல்லது இரண்டு வரும் என்கிற இடத்தில். முதல் இரண்டு வாரம் அதற்கும் முன்னாலேயே நிறுத்து. முதல் நாளே மாஸ்டர் பார்க்கிறார் என்று ஐநூறு பஸ்கி போடாதே. பழகாத உடம்பை அப்படி வதைத்தால், அதிலும் நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல், தசை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். பயிற்சிக்கு இரண்டொரு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், கை கால் வீங்கி மடக்க முடியாமல் இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

முதல் நான்கைந்து வாரம் தூக்கும் எடை வேகமாக ஏறும், உடம்பு அப்படியே இருக்கும். அப்போது நரம்புதான் கற்றுக்கொள்கிறது. தசை பின்னால் வரும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சோர்ந்து கடைக்குப் போகிறார்கள்.

பலமும் பருமனும் ஒன்றில்லை என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். எங்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ. 2018 கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம், 317 கிலோ. 77 கிலோவுக்குள் இருக்கிற மனிதர் 179 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்துகிறார்! தெருவில் சட்டையோடு நடந்து போனால் நம் பையன்கள் "பாடி பில்டர்" என்று திரும்பிப் பார்ப்பார்களா, சந்தேகம்தான்.

படி 3: தட்டை நிரப்பு

சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. பாரம் தூக்குகிறவனுக்கு அது போதாது. 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் தசை கிடைப்பதில்லை என்று கண்டது. அதே தொகுப்பில் இன்னொரு எண் உண்டு, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பாரம் தூக்கியதோடு புரதமும் கூடுதலாக எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட அதிகமாகக் கிடைத்த தசை சராசரியாக 300 கிராம்தான். மீதி எல்லாம் தூக்கியதால் வந்தது.

65 கிலோ பையனுக்கு 104 கிராம் வேண்டும். நம் வீட்டுச் சமையலில் வருமா? வரும். போட்டுப் பார்த்துவிடுவோம்.

காலையில் இட்லி நாலு, அதில் 8 கிராம். சாம்பார் 3. அவித்த முட்டை மூன்று, 18. ஆக 29. மதியம் சாதத்தில் 8, பருப்புக் குழம்பில் 6, கோழிக்கறி நாலைந்து துண்டு அல்லது 30 கிராம் மீல்மேக்கர் 16, ஒரு கிண்ணம் தயிர் 5. அது 35. சாயங்காலம் 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, கால் லிட்டர் பாலில் 8. ராத்திரி 100 கிராம் கேழ்வரகு மாவில் களி, 7. பருப்புக்கீரைக் கடைசல் 7. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம், அதில் 8. மொத்தம் 104. போண்டாவுக்கு இடமே இல்லை.

சைவக்காரர்கள் முட்டைக்குப் பதில் பன்னீர் 100 கிராம் எடுத்தால் 18 வந்துவிடும். விலை உறுத்தினால் மீல்மேக்கர்: 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், இதைவிட மலிவு எதுவும் இல்லை. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால் அந்த வாடை போய்விடும்; அக்கா அதில் மிளகு வறுவல் செய்தால் மட்டன் என்றே நினைத்துச் சாப்பிடலாம். கறியே சாப்பிடாதவர்கள் பி12 அளவை ஒரு முறை ரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடுகளுக்குப் பிரச்சினையே இல்லை, ஆம்பூர்ப் பக்கம் போனால் புரதமும் மலிவு, ருசியும் கூட. கருவாட்டில் புரதம் கொட்டிக் கிடக்கிறது, உப்பும் அப்படியே. குழம்புக்கு இரண்டு துண்டோடு நிறுத்து.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகில் புரதம் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை, 100 கிராமில் 7 தான். சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, வயிறு நிற்கும். ஆனால் களி மட்டும் தின்று மார்பு விரியும் என்று பாட்டி சொன்னதை அப்படியே நம்பாதே. பாட்டி காலத்தில் களி தின்றவர்கள் தின்றுவிட்டு ஏற்றம் இறைக்கப் போனார்கள்.

அளப்பது எப்படி என்று மருமகன் கேட்டான். அவனுடைய டப்பாவிலிருந்த ஸ்கூப்பையே எடுத்து, தராசில் வைத்து, காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராம் எந்த மட்டத்தில் வருகிறது என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். இப்போது அக்கா தினமும் அதில்தான் கடலை அளந்து ஊறப்போடுகிறாள்.

உடம்பு வற்றினவனாக இருந்தால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளைக்கு 250, 300 கலோரி கூட்டினால் போதும். ஒரு வாழைப்பழமும் ஒரு கை வேர்க்கடலையும் அந்தக் கணக்கை முடித்துவிடும். தொப்பை உள்ளவனுக்கு அதுவும் வேண்டாம். புரதத்தைக் கூட்டி, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்தால் கொழுப்பு இறங்கும்போதே தசையும் ஏறும், முக்கியமாக முதல் வருஷத்தில்.

படி 4: தூக்கமும் வெயிலும்

ஏழெட்டு மணி நேரம் தூங்கு. ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட இளைஞர்களுக்குப் பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) 10 முதல் 15 சதம் குறைந்ததாக 2011-ல் வெளியான ஒரு சிறு ஆய்வு சொல்கிறது. ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்துவிட்டுக் காலையில் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றும் மாத்திரை தேடுகிறவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டாம். தகரக் கூரை ஜிம் என்றால் காலை ஏழுக்குள் முடித்துவிடு. மோரில் உப்புப் போட்டுக் குடி. ஓட்டப் பயிற்சியைத் தூக்காத நாளில் வை.

படி 5: இப்போது டப்பாவைப் பார்

பன்னிரண்டு வாரம் நோட்டு எழுதி, மூன்று நாள் பயிற்சியும் தட்டில் 100 கிராமும் ஒழுங்காக வந்திருந்தால் மட்டும் இந்தப் படிக்கு வா. கடையில் இருப்பதில் பெரும்பாலானது உனக்கு வேண்டாம்.

வே புரதம் மருந்து கிடையாது, பால் திரிந்தபின் மிஞ்சுகிற தண்ணீரை வடிகட்டி உலர்த்தி எடுக்கிற பவுடர். நாம் பன்னீர் செய்துவிட்டுக் கீழே கொட்டுவோமே, அதன் உறவு. ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் வரை புரதம். ஹாஸ்டலில் இருக்கிறவன், ஷிப்ட் வேலைக்குப் போகிறவன், சமைக்க வழியில்லாதவன் ஆகியோருக்கு வசதி. வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறவனுக்கு விலை உயர்ந்த பால். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உடம்பேற்றப் புரதப் பவுடரைத் தவிர்க்கவே சொல்லியிருக்கின்றன. நான் அவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன், கலப்படத்தைத்தான் பயப்படுவேன். அதே ஆண்டு இந்தியச் சந்தையிலுள்ள 36 புரதப் பவுடர்களைச் சோதித்த ஆய்வில் ஏறக்குறைய 70 சதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு.

அளவை எப்படி ஏமாற்றுகிறார்கள்? ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுவார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ சரக்கைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், கணக்கில் புரதம் ஏறும், தசைக்கு ஒன்றும் சேராது. அதனால் சேர்மானப் பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாக இருந்தால் வைத்துவிட்டு வா. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கிற உரிம எண் 14 இலக்கம். அதை அவர்களுடைய தளத்தில் போட்டுப் பார்த்தால் யாருடையது என்று வரும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதே. பாதி விலைக்கு அசல் சரக்கு என்றால் அதில் அசல் அந்த டப்பா மட்டும்தான்.

கிரியாட்டின் மோனோஹைட்ரேட் வேறு கதை. கடையில் இருப்பதில் சொன்ன வேலையைச் செய்வது அதுதான். நம் உடம்பே தயாரிக்கிறது, கறி மீனிலும் இருக்கிறது. நாளைக்கு 3 முதல் 5 கிராம், தண்ணீரில், எந்த நேரத்திலும். செட்டில் ஒன்றிரண்டு கூடுதலாக வரும். முதல் மாதம் ஒன்றிரண்டு கிலோ ஏறுவது பெரும்பாலும் தசைக்குள் சேரும் தண்ணீர், அதைத் தசை என்று நோட்டில் எழுதாதே. முதல் வாரம் நாளைக்கு 20 கிராம் போடச் சொல்வார்கள். டப்பா சீக்கிரம் காலியாகும், வேறு அவசியம் இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியாட்டின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடு. சிறுநீரகச் சோதனையில் பார்க்கிற கிரியாட்டினின் (creatinine) என்ற வேறொரு பொருளின் அளவு சற்று ஏறிக் காட்டும், டாக்டர் சிறுநீரகம் என்று பதறுவார். நிஜமாகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மற்றவை? மருமகன் முதலில் வாங்கிவந்த டப்பாதான் மாஸ் கெய்னர், அது என்ன என்று மேலே பார்த்தோம். பிசிஏஏ என்பது புரதத்திலுள்ள மூன்று அமினோ அமிலங்கள் மட்டும்; போதுமான புரதம் சாப்பிடுகிறவனுக்கு வெறும் கலர் தண்ணீர். பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லும் பிரீ ஒர்க்கவுட்டில் வேலை செய்வது பெரும்பாலும் கஃபீன்; உடம்பெல்லாம் ஊசி குத்துவது போலிருப்பது பீட்டா அலனின், அதை "பவர் ஏறுது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு டிகாக்ஷன் காபி போதும். கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கிற ஃபேட் பர்னர் பக்கம் போகாதே.

படி 6: ஊசியைப் பற்றி மறைக்காமல்

இதை எழுதாமல் விட்டால் வழிகாட்டி என்று போட எனக்கு வாய் வராது. டப்பாவுக்கு அடுத்த அலமாரியில் தசை ஏற்றும் ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன், டெக்கா, ஸ்டானசோலால் என்று பெயர்கள். சில வாரம் தொடர்ந்து போட்டு நிறுத்துவதை "சைக்கிள் போடுறேன்" என்பார்கள்.

வேலை செய்யாது என்று பொய் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லித்தான் பையன்களின் நம்பிக்கையை நாம் இழந்தோம். 1996-ல் அமெரிக்காவில் 43 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பத்து வாரம், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன். ஊசி போட்டு உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய எடை 3 கிலோவுக்கு மேல் கூடியது. ஊசி இல்லாமல் உழைத்தவர்களுக்கு 2 கிலோ. இரண்டும் சேர்த்தவர்களுக்கு 6 கிலோ. போனில் நீ பார்க்கிற உடம்பு சில இந்த மூன்றாவது கணக்கு. அதை 104 கிராம் புரதத்தோடு ஒப்பிட்டு நொந்து போகாதே.

செலவுப் பக்கத்தையும் படி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை "சரக்கு நிறைய இருக்கிறது" என்று உள்ளூர் உற்பத்தியை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்குக் குழந்தை கேள்விக்குறியாகும். உபரியானது பெண் ஹார்மோனாக மாறிச் சிலருக்கு மார்பில் கட்டி போல வரும். முற்றிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நல்ல கொழுப்பு சரியும், இதயச் சுவர் தடிக்கும். வாய்வழி மாத்திரைகள் கல்லீரலைப் பிடிக்கும்.

இன்னொன்று மெஃபென்டர்மின். அறுவைச் சிகிச்சையின்போது இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்ற மயக்க மருந்து டாக்டர் போடுகிற மருந்து. அதை ஜிம்மில் "எனர்ஜி" என்று போடுகிறார்கள். நல்ல ரத்த அழுத்தம் உள்ளவன் நரம்பில் ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசி. ஏறியது இறங்கும்போது மறுபடி கேட்கும்; அது போதை. ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் கூடவே வரும்.

ஏற்கெனவே போடுகிறாயா? திட்ட மாட்டேன். மாஸ்டரிடம் "இறக்குற மருந்து" கேட்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போய் உள்ளதைச் சொல். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கல்லீரல், கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன், அதைச் சுரக்கவும் விந்தணு உண்டாகவும் தூண்டுகிற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள் எல்லாம் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் விந்தணுவும் இதய எக்கோவும். நம் ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நமக்கு டவுன் பஸ்.

படி 7: தேங்கும்போது

எந்த நோட்டிலும் ஒரு பக்கம் வரும், எடை ஏறாத பக்கம். மருமகனுக்கு ஐந்தாம் மாதம் வந்தது. ஸ்குவாட் 60 கிலோ, மூன்று முறை போயும் 8, 6, 5. உடனே "மாமா, கிரியாட்டின்..." என்று ஆரம்பித்தான்.

நோட்டைப் பின்னால் புரட்டினோம். அந்த இரண்டு வாரமும் தூக்கம் என்ற இடத்தில் 5, 5, 6. எழுத்துத் தேர்வுக்கு ராத்திரி படிப்பு. உடல் எடை மூன்று வாரமாக அசையவில்லை. சாயங்காலச் சுண்டல் பாதி நாள் எழுதப்படவே இல்லை. இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும்: முதலில் தூக்கம், பிறகு உடல் எடை, பிறகு புரதம், அதற்குப் பிறகு பயிற்சி. முதல் மூன்றும் சரியாக இருந்து தூக்கும் எடை மட்டும் நின்றால் பத்து சதம் குறைத்துவிட்டு மறுபடி ஏறு. வாரத்துக்கு அந்தத் தசைக்கு இரண்டு செட் கூட்டு. எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் பாதி எடையில் விளையாடிவிட்டு வா.

மார்பளவு அன்றைக்கு எடுத்தோம். மூச்சை விட்டு 82.5, இழுத்து 88. இதில் பாதிக்குமேல் முதுகின் விங்ஸும் புல்லப்பும் செய்த வேலை. டேப் முதுகையும் சேர்த்துத்தானே சுற்றுகிறது. மீதி, தினமும் காலையில் கோட்டையைச் சுற்றி ஓடிவிட்டு அகழி ஓரம் நின்று பத்து முறை முழு மூச்சு இழுத்து நிறுத்திப் பழகியது. இடுப்பு அரை அங்குலம்தான் கூடியிருந்தது.

கிரியாட்டின் வாங்கட்டுமா என்று மறுபடி கேட்டான். வாங்கிக்கொள், 100 கிராம் பொட்டலமே போதும் என்றேன். நோட்டில் அடுத்த வரியை அவனே எழுதினான்: "செவ்வாய், ஸ்குவாட், 55."